பாய் இறங்கும் நேரம்

பாய் ஏறி நிற்கும்போது பூமுக்கு எடை கிடையாது. பாய்மரத்தின் இடுப்பிலிருந்து படகின் பின்பக்கம் நோக்கி நீண்டு, முக்கோணப் பாயின் அடிவிளிம்பைப் பிடித்திருக்கும் கிடைக்கழிக்குத்தான் பூம் என்று பெயர். என் படகில் அது 3 மீட்டர் நீள அலுமினியக் குழல். பார்ப்பவர்களுக்குக் கழி பாயைப் பிடித்திருப்பதுபோலத் தெரியும். உண்மையில் பாய்தான் கழியைத் தூக்கிக்கொண்டிருக்கிறது. கழி துணியில் தொங்குகிறது. துணி, மர உச்சியில் உள்ள கப்பி வழியாக ஏறிப்போகும் கயிற்றில் தொங்குகிறது. அந்தக் கயிற்றை அவிழ்த்தால், பாய் சரியத் தொடங்கும் அதே நொடியில் கழியின் பின்முனையும் விழத் தொடங்கும். அதற்குக் கீழே யாராவது உட்கார்ந்திருப்பார்கள். சிறு படகில் உட்கார வேறு இடம் கிடையாது.

இங்கிலாந்தின் கிழக்குக் கரையில், எஸெக்ஸ் பகுதியின் பிளாக்வாட்டர் கழிமுகத்தில் மெர்சி தீவு இருக்கிறது. அதன் மேற்கு முனையில் ஒரு மிதவையில் என் படகு கட்டிக் கிடக்கும். 22 அடி, அடிப்பக்கம் இரு கால்போல நீண்ட இரட்டைக் கீல், 1970களில் வார்த்த ஃபைபர் கிளாஸ் உடம்பு. வற்றம் வந்தால் சேற்றில் நிமிர்ந்து உட்கார்ந்துகொள்ளும். ஏற்றம் வந்தால் எழுந்துகொள்ளும். ஒரு செப்டம்பர் மாலை, மகள் சுக்கான் பிடித்திருந்தாள். அவளுக்கு அப்போது 13 வயது. நான் பாய்மரத்தடியில் நின்று பாயை இறக்கினேன். இறக்குவதற்கு முன் செய்திருக்க வேண்டிய ஒன்றைச் செய்யவில்லை. அவள் மிதவையைத் தேடி இடப்பக்கம் குனிந்த நேரத்தில் பூம் விழுந்தது. அவள் தலை இருந்த இடத்தைக் கடந்து, உட்காரும் குழியின் விளிம்பில் மோதி, உள்ளங்கை நீளத்துக்கு ஒரு விரிசலை உண்டாக்கிவிட்டு அங்கேயே கிடந்தது.

அவள் அழவில்லை. கொஞ்ச நேரம் அந்தக் கழியையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"இவ்ளோ நேரம் இத எதுப்பா பிடிச்சிட்டு இருந்துச்சு?"

அன்றிரவு தூத்துக்குடிக்கு, பெரியப்பாவுக்குப் போன் செய்தேன். கட்டுமரத்தில் பாய் வைத்துப் போன கடைசித் தலைமுறையைச் சேர்ந்தவர். நடந்ததைச் சொன்னேன். அவருக்குப் பூம் என்றால் என்னவென்று விளங்கவில்லை. அவர் அறிந்த பாயில் கழி மேலேதான் இருக்கும். அதற்குப் பருமல் என்று பெயர். பாயின் நீண்ட விளிம்பு பருமலோடு சேர்த்துக் கட்டப்பட்டிருக்கும். கீழ்விளிம்பில் எதுவும் கிடையாது, காற்றும் தாமான் கயிறும்தான். நான் சொன்னதை அவர் தனக்குத் தெரிந்தபடி எடுத்துக்கொண்டு ஒரு கேள்வி கேட்டார்.

"பாய எறக்கும்போது பருமலுக்கு ஆளு யாருல நின்னா?"

"இது மேல இல்ல பெரியப்பா. கழி கீழ இருக்கு."

"எங்க இருந்தா என்னல? அதுக்கும் ஒரு ஆளு வேணும்லா."

அந்தக் குளிர்காலம் முழுவதும் இந்த இரண்டு கேள்விகளையும் வைத்துக்கொண்டுதான் பூமைத் தாங்கவும் அடக்கவும் என்னென்ன பூட்டுவது என்று யோசித்தேன். விற்பனைப் பட்டியல்கள் பொருள்களை விலைப்படியும் வலுப்படியும் அடுக்கியிருந்தன. பெரியப்பாவின் கேள்வி எனக்கு வேறு அடுக்கைத் தந்தது. சிறு படகில் உள்ள தாங்கும் பொருள் ஒவ்வொன்றும், அங்கே இல்லாத ஓர் ஆளின் இடத்தில் நிற்கிறது. எந்த ஆளின் இடத்தில், எந்த நேரத்தில், கூப்பிட்டால் வருபவராகவா எப்போதும் நின்றிருப்பவராகவா என்பதைத்தான் நாம் தேர்ந்தெடுக்கிறோம்.

டச்சு மொழியில் பூம் என்றால் மரம். ஆங்கிலக் கப்பல்காரர்கள் அந்தச் சொல்லை அங்கிருந்து எடுத்துக்கொண்டார்கள். எங்கள் கரையிலும் மரம் என்றால் கட்டுமரம்தான். 'மரம் தள்ளியாச்சா' என்றே கேட்பார்கள். பாயை ஏற்றும் கயிற்றுக்கு ஆஞ்சான், பாயின் பின்மூலையை இழுத்துப் பிடிக்கும் கயிற்றுக்குத் தாமான், முன்பக்கத்துக்கு அணியம் என்று எனக்கு வேண்டிய சொற்களெல்லாம் வீட்டிலேயே இருந்தன. எஸெக்ஸ் படகிலும் அவை அப்படியே பொருந்துகின்றன, மகளும் அவற்றைத்தான் சொல்கிறாள். பூமுக்கு மட்டும் வீட்டுச் சொல் இல்லை. கட்டுமரம் கரையேறியதும் பாயைச் சுருட்டித் தோளில் வைத்து வீட்டுக்குக் கொண்டுபோவார்கள். இறக்கிய பிறகு அந்தரத்தில் நிறுத்திவைக்க வேண்டிய பொருள் எதுவும் அந்தப் படகில் இல்லை.

பிளாக்வாட்டரின் மேல்முனையில் மால்டன் ஊர். அதன் துறையில் தேம்ஸ் பார்ஜ் எனப்படும் பழைய சரக்குப் படகுகள் வரிசையாக நிற்கின்றன. தட்டையான அடி, பக்கவாட்டில் காதுகள்போலத் தொங்கும் பலகைகள், செங்காவி நிறப் பாய்கள். காவிமண்ணையும் மீன் எண்ணெயையும் கடல்நீரையும் குழைத்துப் பாய்க்குப் பூசுவார்கள். நம் கரையில் வலைக்குப் பனிச்சங்காய்ச் சாறு ஏற்றியதை நினைத்துக்கொள்ள வேண்டியதுதான். உப்பும் ஈரமும் எல்லா ஊரிலும் நூலைத் தின்கின்றன. இந்தப் பார்ஜ்கள் 80, 90 அடி நீளம் இருந்தும் ஓர் ஆளும் ஒரு பையனுமே அவற்றை ஓட்டினார்கள். எப்படி முடிந்தது என்பதற்குப் பதில் பாயில் இருக்கிறது. பெரும்பாலானவற்றின் பெரிய பாய்க்குப் பூம் கிடையாது. மரத்தடியிலிருந்து சாய்வாக ஏறும் கனத்த கழியொன்று பாயின் மேல்மூலையைத் தூக்கிப் பிடித்திருக்கும். பாயைச் சுருக்க வேண்டுமென்றால், ஜன்னல் திரையை ஒதுக்குவதுபோலக் கயிறுகளை இழுத்து மரத்தோடு ஒட்டக் கட்டிவிடுவார்கள். பாய் இறங்குவதே இல்லை. இன்னொரு காரணமும் இருந்தது. எஸெக்ஸ் பண்ணைகளிலிருந்து லண்டன் குதிரைகளுக்கு வைக்கோல் இந்தப் படகுகளில் போயிற்று. மேல்தளத்தில் வைக்கோலைப் போர்போல உயர அடுக்குவார்கள். பூம் இருந்தால் அந்தப் போரில் இடிக்கும். பாயின் அடியைச் சுருக்கி, போருக்கு மேலே ஓடவிட்டு வந்தார்கள்.

இத்தனை தொல்லை தரும் கழியை ஏன் வைத்துக்கொள்கிறோம்? காற்றை எதிர்த்து ஏறிப்போகப் பாய் தட்டையாக நிற்க வேண்டும். பூம் அதன் அடியை இழுத்து நிறுத்துகிறது. காற்று பின்னாலிருந்து வரும்போது பாயை வெளியே விரித்துப் பிடிக்கிறது. திசை மாற்றும்போது தாமானை ஒருபக்கம் அவிழ்த்து மறுபக்கம் கட்ட வேண்டியதில்லை, கழி தானாகவே மறுபக்கம் போய்விடும். ஒரு கை சுக்கானிலும் ஒரு கை தாமானிலும் இருந்தால் போதும். அதாவது ஓடும் நேரத்தில் பூம் ஓர் ஆளை மிச்சப்படுத்துகிறது. நிறுத்தும் நேரத்தில் அதே ஆளைத் திரும்பக் கேட்கிறது.

நான் அன்று செய்யாமல் விட்டது தாங்குகயிற்றை இறுக்குவது. ஆங்கிலத்தில் டாப்பிங் லிஃப்ட். மர உச்சியிலிருந்து பூமின் பின்முனைக்கு இறங்கும் ஒற்றைக் கயிறு, அவ்வளவுதான். பாய் இறங்கும்போது கழியின் எடையை அது வாங்கிக்கொள்ளும். இந்த எளிய கயிற்றுக்கு ஒரு சங்கடமான குணம் உண்டு. பாய் ஓடும்போது அது தளர்ந்திருக்க வேண்டும். இறுக்கமாக இருந்தால் பூமின் முனையை மேலே இழுத்துவிடும். பாயின் பின்விளிம்பு தொளதொளத்து, மேல்பாதி காற்றைக் கொட்டிவிடும். மிகவும் தளர்ந்திருந்தால் ஒவ்வொரு ஆட்டத்துக்கும் பின்விளிம்பில் அடித்துத் தையலை அறுக்கும். அதனால் பாயை ஏற்றியதும் அதை விரலளவு தளர்த்தி விடுகிறோம். நல்ல காற்றில் மூன்று மணி நேரம் ஓடியபின் அப்படி ஒரு கயிறு இருப்பதே நினைவில் இருப்பதில்லை. எந்த நேரத்தில் அது வேண்டுமோ அந்த நேரத்தில் மிதவை நெருங்கிக்கொண்டிருக்கும், நீரோட்டம் பக்கவாட்டில் தள்ளிக்கொண்டிருக்கும், அடுத்த படகின் மூக்கு அருகில் வந்துகொண்டிருக்கும்.

எடையைக் கணக்குப் போட்டுப் பார்த்தேன். பூமும் அதன்மேல் குவிந்த பாயும் சேர்ந்து 20 கிலோ என்று வைத்துக்கொள்ளலாம். எடையின் நடு, கழியின் நடுவில், மரத்திலிருந்து ஒன்றரை மீட்டரில் இருக்கிறது. தாங்குகயிறு 3 மீட்டர் தள்ளி, கடைசி முனையில் பிடிக்கிறது. ஆகவே அதற்கு விழும் பாரம் 10 கிலோ. மீதிப் பாதியை மரத்தோடு கழியை இணைக்கும் கூஸ்நெக் என்ற கீல் வாங்கிக்கொள்கிறது. கடலாட்டத்தில் நான் தடுமாறி, பூமின் முனையில் 30 கிலோ பாரம் வரும்படி கையை ஊன்றினாலும் கயிற்றுக்கு 40 கிலோதான். 6 மில்லிமீட்டர் பாலியெஸ்டர் கயிறு பல நூறு கிலோ தாங்கும்.

இதே வேலையைக் கீழிருந்து செய்யும் பொருள் ஒன்று இருக்கிறது. பாய்மரத்தின் அடியிலிருந்து சாய்வாக ஏறி, பூமை முட்டுக்கொடுத்து நிறுத்தும் தண்டு. உள்ளே வாயு அடைத்த வகையும் உண்டு, வளைந்து நிமிரும் ஃபைபர் கிளாஸ் கம்பி வகையும் உண்டு. ஸ்வீடனின் செல்டன் நிறுவனத்தின் ராட்கிக்கரை முதல் வகைக்கும், வேறொரு நிறுவனத்தின் பூம்கிக்கரை இரண்டாம் வகைக்கும் எடுத்துக்காட்டாகச் சொல்லலாம். இவை எப்போதும் விழிப்பாக நிற்கும் ஆட்கள். நினைவூட்ட வேண்டியதில்லை, இறுக்க வேண்டியதில்லை, பாயில் உரசாது. ஆனால் முட்டு நிற்கும் இடம் மரத்துக்குப் பக்கத்தில், முக்கால் மீட்டர் தூரத்தில். அந்த 20 கிலோ அங்கே 40 ஆகிறது. முட்டு 45 பாகை சாய்வில் நிற்பதால் தண்டின் வழியே ஏறக்குறைய 57. நான் முனையில் 30 கிலோவோடு சாய்ந்தால் 220 கிலோவைத் தாண்டிவிடும். கதவைக் கீல் பக்கத்தில் கைவைத்துத் தள்ளிப் பார்த்த யாருக்கும் இது புரியும். அத்தனை பாரத்தையும் தண்டு, இரண்டு பிடிகள், அவற்றின் ரிவெட்டுகள், பழைய மரத்தின் மெல்லிய சுவர் எல்லாம் தாங்க வேண்டும்.

இதைச் சொல்வதால் நான் முட்டுத்தண்டுக்கு எதிரி என்று எடுத்துக்கொள்ளக் கூடாது. தனியாகப் போகிறவர்களுக்கும், தோள்வலி உள்ளவர்களுக்கும், குழந்தைகளைக் கூட்டிக்கொண்டு போகிறவர்களுக்கும் அதை மனதார சிபாரிசு செய்வேன். மறதியால் நடக்கும் விபத்தை அது ஏறக்குறைய இல்லாமல் ஆக்கிவிடுகிறது. என் படகில் அது பொருந்தாததற்கு வேறொரு காரணமும் இருந்தது. அந்தக் காலத்துச் சிறு படகுகள் பலவற்றைப்போல என் படகிலும் பூம் சுழலும். காற்று கூடினால் மரத்தடியில் கைப்பிடியைச் செருகிச் சுற்றுவார்கள். பாய், ஜன்னல் சுருளைப்போலக் கழியைச் சுற்றிக்கொள்ளும். காகிதத்தில் அழகான ஏற்பாடு. நடைமுறையில், பாயின் முன்விளிம்பில் கயிறு தைத்திருப்பதால் அந்தப் பக்கம் சுருள் தடித்துக்கொண்டே போகும், பின்பக்கம் மெலிந்தே இருக்கும். சுற்றச் சுற்றப் பூமின் பின்முனை தாழ்ந்து வந்து தலைகளைத் தேடும். அதைச் சரிசெய்யப் பின்முனையில் மரப்பட்டிகளை ஒட்டித் தடிமன் கூட்டிய படகுகளைப் பார்த்திருக்கிறேன். சுழலும் கழியின் அடியில் எதையும் நிலையாகப் பூட்ட முடியாது என்பதால் முட்டுக்கும் இடமில்லை, கீழே இழுக்கும் கிக்கர் கயிற்றுக்கும் இடமில்லை.

முதல் வேலையாக அந்தச் சுழற்சியை நிறுத்திப் பூட்டினேன். பாயைக் குறைக்க, பின்விளிம்பில் ஏற்கெனவே இருந்த கண்களில் கயிறு கோத்துப் பூமுக்கு இறுக்கிக் கட்டும் முறைக்கு மாறினேன். அப்படி மாறியபோதுதான் தாங்குகயிற்றின் இரண்டாவது வேலை தெரிந்தது. நடுக்கடலில் பாயைக் குறைக்கும்போது ஆஞ்சானைக் கொஞ்சம் இறக்க வேண்டும். அந்த இடைவேளையில் கழியை யாரும் பிடிக்காவிட்டால் அது தாழ்ந்து, குறைக்கும் கயிற்றை எதிர்த்து இழுக்கும். எவ்வளவு பலம் போட்டாலும் பாயின் மூலை கழியோடு வந்து சேராது. தாங்குகயிற்றை முதலில் இறுக்கிவிட்டால் எல்லாம் இளகிவிடுகிறது. கை வலிக்க இழுத்துக்கொண்டிருந்த என் பழைய தவறுகள் பலவற்றுக்கு இந்த ஒரு கயிறே காரணம் என்று அப்போது புரிந்தது.

பாய்மரத்தைப் பின்னாலிருந்து இழுத்துப் பிடிக்கும் பின்கம்பியில் ஒரு துண்டுக் கம்பியைத் தொங்கவிட்டு, அதன் கொக்கியில் பூமின் முனையை மாட்டிவைக்கும் வழக்கமும் சிறு படகுகளில் உண்டு. என் படகிலும் முந்தைய உரிமையாளர் அதை விட்டுப் போயிருந்தார். கட்டிக் கிடக்கும் படகுக்கு அது வசதி. பாய் ஏற்றும் படகுக்கு அதைவிட ஆபத்தான சிறு பொருளை நான் பார்த்ததில்லை. கொக்கியைக் கழற்ற மறந்து பாயை ஏற்றினால் கழி படகின் நடுவிலேயே சிறைப்பட்டு நிற்கும். பக்கக் காற்று ஒன்று வந்து அறையும்போது பாயைத் தளர்த்த வழி இருக்காது. தாமானை முழுக்க விட்டாலும் கழி நகராது, படகு சாய்ந்துகொண்டே போகும். தாங்குகயிற்றை மறந்தால் இறக்கும்போது அடி. இதை மறந்தால் ஏற்றும்போது. அதை அறுத்தெடுத்து வீட்டுப் பட்டறையில் போட்டுவிட்டேன்.

பெருங்கடலுக்குப் போகும் சில படகுகளில் பின்பக்கம் குறுக்காக ஒரு சட்டம் நிற்கும். அதன் மேல்விளிம்பில் மூன்று பள்ளங்கள்: நடுவில் ஒன்று, இரு பக்கமும் ஒவ்வொன்று. புயலில் பூமை ஒரு பள்ளத்தில் இறக்கிக் கட்டிவிட்டால் கழி இம்மியும் அசையாது. ஆட்டத்தில் பிடித்துக்கொள்ள நல்ல கைப்பிடியுமாகும். அந்தச் சட்டத்தின்மேல் எனக்கு எப்போதும் ஓர் ஆசை உண்டு. 22 அடிப் படகில் அது இடத்தை அடைத்துக்கொள்ளும், எடையை உயரத்தில் ஏற்றும். அதன் தம்பி போதும் என்று முடிவுசெய்தேன்: கவைக்கால். பழைய ஓக் பலகையில் இரு கால்களை வெட்டி, மேல்முனையில் கவையாகத் திறக்கும்படி நடுவில் ஆணி கோத்து நானே செய்தேன். கொடிக்கயிற்றைத் தூக்கி நிறுத்தும் கவைக்கம்பு இல்லாத வீடு எங்கள் தெருவில் கிடையாது. அதே பொருள்தான். தாங்குகயிறு பூமை மேலே இழுக்க, தாமான் கீழே இழுக்க, கவைக்கால் நடுவில் நிற்க, மூன்றும் சேர்ந்தால் மிதவையில் இரவு முழுவதும் கழியிடமிருந்து சத்தமே வராது.

இறங்கும் பாயைச் சிதறவிடாமல் இருபக்கமும் அணைத்துப் பிடிக்கும் கயிறுகளுக்கு லேஸி ஜாக் என்று பெயர். மரத்தின் பாதி உயரத்திலிருந்து கிளை பிரிந்து பூமின் இரு பக்கங்களிலும் இறங்கி, ஒரு தொட்டில்போல நிற்கும். அமெரிக்காவின் செசபீக் விரிகுடாவில் சிப்பி அள்ளும் ஸ்கிப்ஜாக் படகுகளில் இவற்றைப் பார்க்கலாம். அங்கே பூமின் நீளம் படகின் மேல்தள நீளத்துக்கு ஏறக்குறைய சமம். 1865-இல் மேரிலாந்து மாநிலம் பாய் விரித்து ஓடும் படகுகள் மட்டுமே சிப்பி வாரலாம் என்று சட்டம் வைத்தது. 1967-இல்தான் வாரத்துக்கு இரண்டு நாள் இயந்திரத் தள்ளுபடகுக்கு அனுமதி கிடைத்தது. அந்த நூறாண்டுகளில் குளிர்காலக் கடலில், விறைத்த கைகளோடு அவ்வளவு பெரிய பாயை இறக்கிச் சுருட்ட ஆள் பற்றாது. கயிறுகள் அணைத்துக்கொள்ள வேண்டியிருந்தது. என்னுடைய சின்னப் பாய்க்கு அவை வேண்டாமென்று விட்டேன். ஏற்றும்போது பாயின் பட்டிக்குச்சிகள் அவற்றில் மாட்டிக்கொண்டு படுத்தும்.

ஆளில்லாப் படகை ஒருவர் கடைசிவரை யோசித்துப் பார்த்திருக்கிறார். பிளாண்டி ஹாஸ்லர். 1942-இல் போர்தோ துறைமுகத்துக்குள் மடக்குத் தோணிகளில் நுழைந்து ஜெர்மன் கப்பல்களில் வெடிவைத்த பிரிட்டிஷ் படைக்குத் தலைமை தாங்கியவர். 1960-இல் பிளிமத்திலிருந்து நியூயார்க்குக்குத் தனியாளாகப் போகும் முதல் போட்டிக்கு வித்திட்டவரும் அவரே. அவருடைய படகு ஜெஸ்டர், 25 அடி, ஃபோக்போட் வகை உடம்பு. அதில் அவர் ஏற்றியது சீன ஜங்க் பாய். குறுக்குப் பட்டிகள் முழு அகலத்துக்கும் ஓடும் அந்தப் பாயை இறக்கினால் விசிறி மடிவதுபோல மடிந்து, இருபக்கத் தாங்குகயிறுகளின் தொட்டிலில் தானே விழுந்துகொள்ளும். மேல்தளத்துக்குப் போகாமலேயே நடுவிலுள்ள வட்டத் திறப்பில் நின்றபடி அவர் பாயை ஏற்றினார், குறைத்தார், இறக்கினார். 48 நாளில் இரண்டாவதாக வந்தார். முதலில் வந்த ஃபிரான்சிஸ் சிச்செஸ்டர் 40 நாள் எடுத்துக்கொண்டார். ஹாஸ்லரின் படகில் பாயை வாங்கிக்கொள்ளும் ஆள் எப்போதும் நின்றிருந்தார். இரண்டு கயிறுகளாக.

அதே போட்டியை 1964-இலும் 1976-இலும் வென்றவர் பிரான்ஸின் எரிக் தபர்லி. அவர் குடும்பத்துப் படகு பென் டுயிக், 1898-இல் வில்லியம் ஃபைஃப் வரைபடத்தில் கட்டப்பட்டது. உடம்பு உளுத்துப்போனபோது, இளைஞராக இருந்த தபர்லி அந்தப் பழைய உடம்பையே அச்சாக வைத்துப் புதிய பாலியெஸ்டர் உடம்பு வார்த்து அதைக் காப்பாற்றினார். 1998 ஜூனில், படகின் நூறாவது ஆண்டில், ஃபைஃப் படகுகள் கூடும் விழாவுக்காக ஸ்காட்லாந்து நோக்கிப் போய்க்கொண்டிருந்தார். ஜூன் 12-ஐக் கடந்த இரவில், வேல்ஸுக்கு அப்பால், காற்று கூடியதால் பாயைக் குறைத்துக்கொண்டிருந்தார்கள். அந்தப் படகில் பாயின் மேல்விளிம்பிலும் ஒரு கழி உண்டு, நம் பருமலைப்போல. அது வீசி அடித்ததில் அவர் கடலில் விழுந்தார். உடலோடு கட்டும் பாதுகாப்புக் கயிறு அணிந்திருக்கவில்லை. 66 வயது. அந்தப் படகை அவரளவு அறிந்தவர் உலகில் இல்லை. இதைப் படிக்கும்போதெல்லாம் பெரியப்பாவின் குரல்தான் எனக்குக் கேட்கும்: பருமலுக்கு ஆளு யாருல நின்னா?

என் படகில் பூமைக் கீழே இழுக்கும் வேலைக்குக் கிக்கர் போதும். மரத்தடிக்கும் பூமுக்கும் இடையே கப்பிகளில் நான்கு மடிப்பாக ஓடும் கயிறு. காற்று பின்னாலிருந்து வரும்போது பூமின் முனை எழும்பாமல் அது பிடித்துக்கொள்ளும். தாமானுக்கும் நான்கு மடிப்புதான். ஜைப் என்ற ஆபத்தைப் பற்றி மட்டும் கொஞ்சம் நின்று சொல்ல வேண்டும். பின்காற்றில் போகும்போது சுக்கான் சற்றுத் தவறினால், காற்று பாயின் மறுபுறம் புகுந்து, கழியை ஒரு பக்கத்திலிருந்து மறுபக்கத்துக்கு அப்படியே வீசிவிடும். தலை இருந்தால் தலை. அதைத் தடுக்கப் பூமிலிருந்து முன்பக்கம் நோக்கிக் கட்டும் கயிற்றைச் சிலர் கழியின் நடுவில் கட்டுகிறார்கள். கழி அலையில் முங்கினாலோ காற்று மறுபுறம் அறைந்தாலோ அது நடுவில் ஒடிய வாய்ப்புண்டு. பின்முனையில் கட்டி, அணியத்தில் ஒரு கப்பி வழியாகத் திருப்பி, உட்காரும் குழிக்கே கொண்டுவந்துவிட வேண்டும். எழுந்து போகாமல் தளர்த்த முடியாத எந்தக் கயிறும் அந்த நேரத்தில் உதவாது.

ஆக, பழைய தாங்குகயிற்றுக்குப் பதில் புதிய தாங்குகயிறு. செலவழித்த மாதங்களைப் பார்த்தால் இது சின்ன முடிவாகத் தெரியலாம். முட்டுத்தண்டை வாங்கினால், பாய் இறக்கும்போது மகள் அடிபடும் பயம் ஏறக்குறைய இருக்காது. அதை நான் பலமுறை எண்ணிப் பார்த்தேன். பழைய மரத்தின் சுவர்மேல் நம்பிக்கை வராதது ஒரு காரணம். அவள் கேட்ட கேள்வி மற்றொன்று. எடை எங்கிருந்து எங்கே போகிறது என்பதை அவள் தன் கையால் உணர வேண்டும் என்று விரும்பினேன். நாளை வேறு படகில், என்னென்ன பூட்டியிருக்கிறது என்று தெரியாத படகில், அவள் மரத்தடியில் நிற்பாள். அப்போது ஆஞ்சானை அவிழ்க்கும் முன் அவள் கண் தானாகவே பூமின் முனைக்குப் போக வேண்டும்.

கயிற்றை மட்டும் கொஞ்சம் மாற்றினேன். முன்பு அது பூமின் பின்முனையிலேயே, கயிற்றைச் சுற்றிக் கட்டும் ஒரு கிளீட்டில் முடிந்தது. கழி வெளியே போயிருந்தால் எட்டாது. இப்போது பின்முனைக் கப்பி வழியாகக் கழியோடு முன்னே வந்து, ஆஞ்சான் கிளீட்டுக்குப் பக்கத்தில், அதற்கு ஒரு சாண் முன்பாக முடிகிறது. ஆஞ்சானை அவிழ்க்கப் போகும் கை இதைத் தொடாமல் போக முடியாது. கழி நிற்க வேண்டிய உயரத்தை அளந்து, கயிற்றில் அந்த இடத்தில் சிவப்பு நூலால் நெருக்கமாகச் சுற்றித் தைத்தேன். சிவப்பு கிளீட்டுக்கு வந்தால் கழி என் தலைக்கு மேலே நான்கு விரல் உயரத்தில் நிற்கிறது என்று பொருள். இருட்டிலும் விரலுக்குத் தெரியும்.

மே மாதத்தில் படகை நீரில் இறக்கினோம். முதல் ஓட்டத்தில் தென்மேற்குக் காற்று, மெதுவாக, மாலைவரை ஒரே சீராக. பிராட்வெல் கரையின் எதிரே போய்த் திரும்பினோம். மிதவை தெரிந்ததும் நான் எழப் போனேன்.

"நீங்க சுக்கான் பிடிங்கப்பா. நான் எறக்குறேன்."

போன வருஷம் அவள் உட்கார்ந்திருந்த இடத்தில் நான் உட்கார்ந்தேன். தொடைக்குப் பக்கத்தில் அடைத்துப் பூசிய விரிசலின் தழும்பு. அவள் மரத்தடியில் நின்று முதல் கயிற்றைப் பிடித்தாள், பூமின் முனையை ஒருமுறை பார்த்தாள், இழுத்தாள். சிவப்பு நூல் கிளீட்டுக்கு வந்தது.

"பிடிச்சாச்சு."

"ம்."

ஆஞ்சானை விட்டாள். பாய் மடிந்து மடிந்து இறங்கியது. பூம் இரண்டு விரல் அளவு தாழ்ந்து, கயிறு விறைத்து, அப்படியே நின்றது. கவைக்காலை எடுத்து நிறுத்திவிட்டு, பாயைச் சுருட்டிக் கட்ட இருவரும் எதிரெதிரே நின்றோம். வற்றம் தொடங்கி, படகு மிதவையைச் சுற்றி மெல்லத் திரும்பிக்கொண்டிருந்தது.